எழுந்தால் பூட்டிக்கொள்ளும் நாற்காலி

வாஷிங்மெஷின் மெக்கானிக்குக்குக் காலையிலிருந்தே தலைகால் புரியவில்லை. தான் கண்டுபிடித்த சாமானுக்குத் தானே ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரையே இணையத்தில் தேடி, ஒன்றும் வராததால் உலகத்தில் வேறு எவனுக்கும் இந்த யோசனை வரவில்லை என்று முடிவு கட்டியிருந்தார். பெற்ற பிள்ளைக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டு, ஊரில் வேறு பிள்ளையே இல்லை என்று மார்தட்டினால் எப்படி?

சாமான் சின்னதுதான். சக்கர நாற்காலியில் இருப்பவர் எழுந்தால் சக்கரம் தானாகவே பூட்டிக்கொள்ளும். மெக்கானிக்கின் மனைவி ஒருமுறை பிரேக் போட மறந்து எழுந்து, நாற்காலி நழுவி, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அன்று பிடித்த பைத்தியம் இது. பட்டறைக்காரர் ஒருவர் செய்து விற்க ஒப்புக்கொண்டிருந்தார், காப்புரிமை கையில் இருந்தால் மட்டும்.

"இல்லாட்டி நான் அச்சு செய்யறதுக்குள்ள பெரிய கம்பெனிக்காரன் அள்ளிட்டுப் போயிடுவான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

காப்புரிமை ஆலோசகர் அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார்.

"நீங்க வச்ச பேர்ல தேடினா எப்படிங்க கிடைக்கும்? 'ஆள் எடை நீங்கினால் சக்கரத்தைத் தடுக்கும் அமைப்பு'ன்னு வேலையைச் சொல்லித்தான் எழுதியிருப்பாங்க. அந்த வகையைப் பிடிச்சுத் தேடணும்."

திரையில் வரிசையாக நாற்காலிகள். இருக்கைக்கு அடியில் அதே ஸ்பிரிங், அதே கம்பி. மெக்கானிக் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வெறும் யோசனைக்குக் காப்புரிமை கிடையாது. செய்யற விதம் புதுசா இருக்கணும், தொழில் தெரிஞ்சவன் சுலபமா யோசிச்சிடக் கூடாது. பயப்படாதீங்க, சரிவுலயும் வழுக்காத உங்க இரட்டைக் கொக்கி இதுல எதுலயும் இல்ல."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. மெஷின் கதவுப் பூட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டியபோது தோன்றிய கொக்கி அது.

அம்மாள் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. "முதல் நாளே கேட்டேனே, யாருக்காவது காட்டினீங்களான்னு?"

"சத்தியமா இல்லைங்க. வீட்டு வாசலைக்கூடத் தாண்டல."

அம்மாள் ஒரு வீடியோவை ஓடவிட்டார். மெக்கானிக் வீட்டுக் கூடம். அவர் மனைவி எழுகிறாள், உட்காருகிறாள், மறுபடி எழுகிறாள். நாற்காலி அசையவில்லை. பிறகு அவரே நாற்காலியைக் கவிழ்த்து, கொக்கியைத் தொட்டுத் தொட்டு விளக்குகிறார். "எங்க வீட்டுக்காரர் எனக்காகச் செஞ்சது, பாருங்க!" என்கிறாள் அவள், வாயெல்லாம் பல்லாக. தங்கச்சிக்கு அனுப்பப்போகிறேன் என்று அலமாரியில் போனைச் சாய்த்துவைத்து எடுத்தது. பெருமை தாங்காமல் உலகத்துக்கே போட்டிருக்கிறாள்.

"சில நாட்டுல, ஊருக்குக் காட்டின பிறகும் மனு போடக் கொஞ்ச காலம் விட்டுக்கொடுப்பாங்க. அதுவும் தாண்டிப்போச்சு. நீங்களே காட்டினதா இருந்தாலும், ஊருக்குத் தெரிஞ்சது தெரிஞ்சதுதான்."

"அழிச்சிட்டா?"

"பார்த்தவங்க பார்த்தாச்சுங்க. மறைச்சு மனு போட நான் வரமாட்டேன்."

வேறு வழியே இல்லையா என்று அவர் எப்படியெப்படியோ மாற்றிக் கேட்டார். இல்லை.

வீட்டு வாசலிலேயே நாற்காலியில் காத்திருந்தாள் மனைவி. "என்னாச்சுங்க? கிடைச்சிடுமா?"

சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியை விழுங்கிவிட்டார்.

"நமக்கு முன்னாடியே யாரோ ஊருக்குக் காட்டிட்டாங்களாம். இனிமே கிடைக்காது."

"யாரு அந்தப் பாவி? நம்ம வயித்துல அடிச்சவன் விளங்குவானா? நாசமாப் போக!"

"அய்யோ, அப்படிச் சொல்லாத" என்றார் அவர் பதறிப்போய். "நல்லா இருக்கட்டும்."

"உங்களுக்கு ரோஷமே கிடையாதுங்க" என்றபடி அவருக்குத் தண்ணீர் எடுக்க எழுந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்குப் போகிறவரைக்கும் அந்தப் பாவியைச் சபித்துக்கொண்டேதான் போனாள்.