பாறைக்குப் பின்னால் ஒரு டம்ளர் மோர்

திருவனந்தபுரம் கோட்டைக்குள் குடியிருந்த ஏழு குமாஸ்தாக்கள் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காடு மலை நடப்பதென்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதில் ஆறு பேர் நடந்தார்கள். ஏழாமவரான சேஷன் இழுத்துக்கொண்டு போகப்பட்டார்.

வித்துராவில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தின் எல்லை வரைக்கும் ஆற்றோரமாக ஓர் ஒற்றையடிப் பாதை. ஒன்பது மைல் என்பது ஊரார் கணக்கு. சேஷன் கணக்கில் காசிக்குப் போய்த் திரும்புவது அதைவிடப் பக்கம். சங்கத்துத் தலைவர் நாகேஸ்வரனுக்கோ கால்கள் தோளிலிருந்தே ஆரம்பித்துவிடும். கையில் கடிகாரம், கண்ணில் இரக்கமில்லை. எல்லை போய்ச் சேரும்வரை யாரும் உட்காரக்கூடாது, கூஜாவைத் திறக்கக்கூடாது. அந்தக் கூஜாவில் சேஷனின் மனைவி சூடாமணி கொடுத்தனுப்பிய நீர்மோர் இருக்கும். இஞ்சி தட்டி, நாரத்தை இலை கசக்கிப் போட்டது. சுமப்பதும் சேஷன்தான். முதுகில் அது களக் களக்கென்று பேசிக்கொண்டே வரும்போது எந்த மனுஷன் பொறுப்பான்?

ஆறாவது மைலில் பாதை ஆற்றுக்குள் இறங்கி அக்கரை ஏறுகிறது. இறங்கும் இடத்தில் யானை படுத்தாற்போல ஒரு கரும்பாறை. அங்கேதான் கொல்லவருஷம் ஆயிரத்து நூற்றாறில் சேஷன் ஒரு மனிதரைச் சாகடித்தார்.

"இந்த இடத்துல ஒருத்தர் செத்துப்போயிருக்காராக்கும்" என்றார், மூச்சு வாங்க. "தாணுலிங்கம்னு பேரு. நிலம் அளக்க வந்தவர். ஆத்துச் சத்தம் காதுல விழறது, ஆறு எங்கேன்னு தெரியலை. நாக்கு வறண்டே போயிட்டார்."

ஆரம்பித்த பிறகு நிறுத்துவது சேஷனின் குலத்திலேயே கிடையாது. கடந்து போகிறவர்கள் ஒரு பச்சைத் தழை போட்டு, அரைமணி நேரம் உட்கார்ந்து, பாறைக்குப் பின்னால் ஒரு டம்ளர் மோர் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அவர் கூடவே நடந்து வருவார் என்றும் சேர்த்துக்கொண்டார். சிறுத்தையையே ஒதுங்கிப் போகச் சொல்லக்கூடிய நாகேஸ்வரன் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். மோரைக் கொண்டுபோய் வைப்பது யார்? விவரம் தெரிந்தவர்தானே வைக்கவேண்டும். சேஷன் பாறையைச் சுற்றிக்கொண்டு போய், ஒரே மடக்கில் குடித்துவிட்டு, எழவு வீட்டிலிருந்து வருகிற முகத்தோடு திரும்பி வந்தார்.

ஆறு வருஷம் இப்படியே நடந்தது. தோட்டத்து ஆட்களும் அந்த வழியாக வரும்போது தழை போட ஆரம்பித்தார்கள். பாறையின் முதுகுப்பக்கம் சருகும் பச்சையுமாகக் குவியல் இடுப்பளவு உயர்ந்தது. சேஷன் கோட்டைக்குள் வந்து சொல்லும்போது அது பனை உயரம். தோட்டத்துப் பெண்கள் அங்கே தனியாகப் போவதில்லை. யாரோ இரண்டு தரம் தொண்டையைக் கனைக்கிறார்கள் என்று சொன்னார்கள். அந்தக் கனைப்பு மட்டும் தன் சரக்கு இல்லை என்று சேஷனுக்குத் தெரியும். ஆனாலும் நன்றாக இருந்ததால் அடுத்த மாதமே அதைத் தன் கதையில் சேர்த்துக்கொண்டார்.

ஒன்றே ஒன்று அவரை உறுத்தியது. பாறைக்கு இந்தப் பக்கம் ஆறு காதைக் கிழிக்கும். பின்னால் மூன்று எட்டு வைத்தால் சத்தம் அறுந்துபோகும். பறவை, பூச்சி ஒன்றும் கிடையாது. யாரோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, நாம் வந்ததும் நிறுத்தினாற்போல இருக்கும். மோரை ஒரே மடக்கில் குடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு சித்திரையில் மற்றவர்களெல்லாம் கரமனையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட, நாகேஸ்வரனும் சேஷனும் மட்டும் நடந்தார்கள். நல்ல வெயில். தாணுலிங்கத்தின் பங்கைக் குடித்தும் சேஷனுக்குத் தாகம் தீரவில்லை. வராதவர்கள் பங்கு வீணாகலாமா என்று கூஜாவையே வாயில் கவிழ்த்துவிட்டார்.

எல்லைக்கல் அருகே நாகேஸ்வரனின் இடது கணுக்காலில் விரியன் கடித்தது. அவர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு பத்து. அப்புறம்தான் உட்கார்ந்தார்.

வித்துராவில் கைராசிக்கார விஷவைத்தியர் ஒருவர் இருந்தார். வண்டிப் பாதையில் சுற்றிப் போனால் அவரிடம் சேர இருட்டிவிடும். அதுவரை உயிர் தாங்காது. ஆற்றுப் பாதையில் இறங்கினால் இரண்டரை மணி நேரம். சேஷன் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஓடினார். தோட்டத்துக் கூலிக்காரர் குடியிருக்கும் லயங்களிலிருந்து நான்கு ஆட்களையும் ஒரு கம்பளித் தூளியையும் கூட்டிவந்தார். கூடவே கங்காணியின் மனைவி பொன்னம்மை வந்தாள். கங்காணி உட்பட எல்லாருக்கும் அவள் சொன்னதுதான் சட்டம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாறை கண்ணில் பட்டதும் தூளி நின்றது. பொன்னம்மை திரும்பினாள்.

"சாமி, இன்னைக்கு அவருக்கு மோர் வச்சியளா?"

வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வாய்க்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் தூளிக்குள் நாகேஸ்வரனின் கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. இந்தச் சமயத்தில் உண்மைதான் சீக்கிரம் ஓடும் என்று சேஷன் தப்பாக நினைத்துவிட்டார். எல்லாவற்றையும் கொட்டினார். நிலம் அளக்க யாரும் வரவில்லை, தாகத்தில் யாரும் சாகவில்லை, உட்காருவதற்காகத் தான் கட்டிவிட்ட கதை அது, மோர் முழுக்கத் தன் வயிற்றில்தான் போயிற்று என்றார்.

முன்னால் நின்ற ஆள் தூளிக் கம்பை மெதுவாகத் தோளிலிருந்து இறக்கினான்.

"ஆறு வருசமும் நீங்களா குடிச்சிய?" என்றாள் பொன்னம்மை.

"நானேதான்."

அவள் ஆட்களைப் பார்த்தாள். "அப்ப அந்த மனுசன் ஆறு வருசமா ஒரு சொட்டு இல்லாமக் கெடக்காரு."

"மனுஷனே இல்லைங்கறேன்."

"இருக்காருன்னு நீங்க சொன்னப்ப வந்தாரு. இல்லைன்னு சொன்னாப் போயிருவாரா?"

அவளே ஒரு வழி சொன்னாள். ஆட்கள் ஆற்றைத் தாண்டுகிற வரைக்கும் அவர் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து தாணுலிங்கத்தோடு பேசிக்கொண்டிருக்கவேண்டும். பேச்சு ஆற்றைத் தாண்டியும் கேட்கவேண்டும். நின்றால் தூளியைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள்.

தூளிக்குள்ளிருந்து முனகல் வந்தது. "போடா சேஷா. உனக்குப் பேசத் தெரியாதா?"

சேஷன் முன்னால் ஆற்றில் இறங்கி, டம்ளரில் தண்ணீரை மொண்டுகொண்டு, அக்கரை ஏறிப் பாறையைச் சுற்றிப் போனார். சத்தம் அறுந்தது. தழைக் குவியலுக்கு எதிரே டம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்து, தொண்டை கிழியப் பேச ஆரம்பித்தார். முதலில் மன்னிப்புக் கேட்டார். அது நாலு வரியில் முடிந்துவிட்டது. ஆபீஸ் வம்பு கொஞ்சம். அப்புறம் கை கொடுத்தது சாலைக் கடைத்தெருவில் யானை புகுந்த கதை. மதம் பிடித்த யானை கோமதிநாயகம் பிள்ளையின் அரிசிக் கடைக்குள் நுழைகிறது. பிள்ளை மூட்டை மேல் மூட்டையாக ஏறுகிறார். யானை அடி மூட்டையிலிருந்து ஒவ்வொன்றாக உருவுகிறது.

மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார்.

குவியலுக்கு அந்தப் பக்கம் யாரோ இரண்டு தரம் கனைத்தார்கள். மேலே சொல்லு என்பதுபோல.

ஆட்களெல்லாம் அப்போது நடு ஆற்றில் இருந்தார்கள். சருகு சரிந்தது, ஒருவர் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தால் சரிகிறாற்போல. எழுந்து ஓடலாம், ஓடினால் பேச்சு நிற்கும், நின்றால் நாகேஸ்வரன் ஆற்றோடு போவார். சேஷன் கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னும் நாலு மூட்டையை உருவினார்.

பாறைக்கு மேலிருந்து பொன்னம்மையின் குரல் வந்தது. "தாண்டியாச்சு சாமி."

பிள்ளை உச்சி மூட்டையில் நிற்க, யானை கடைசி மூட்டையில் தும்பிக்கையை வைத்திருக்க, சேஷன் அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அந்த ஓட்டத்துக்கு வித்துரா பஸ் பின்தங்கியிருக்கும். ஒரு மைல் தூரம் அவருக்குப் பின்னால் சருகு மிதிபடும் சத்தம், அவர் காலடிக்கு ஒரு காலடி.

நாகேஸ்வரன் பிழைத்தார். மூன்று வாரம் படுக்கையில் கிடந்து எழுந்து உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்தது சிரித்ததுதான்.

"ஆறு வருஷமா மீசை நிறைய மோரோட வருவே. எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? என் முழங்கால் உன்னுதைவிட மோசமாக்கும். உட்கார எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது."

சேஷன் சிரிக்கவில்லை. "அப்போ கனைச்சது யாரு?"

"உன்னோட ஆள். நீதான் சொல்லணும்."

சொல்வதற்கு இன்னொன்றும் இருந்தது. அன்றிலிருந்து பேச்சு ஓயும்போதெல்லாம் கேட்டது. ஆபீஸில் பேனா நிற்கும்போது அலமாரிக்குப் பின்னால். மத்தியானச் சாப்பாட்டின்போது கதவுக்குப் பின்னால். இரண்டே இரண்டு கனைப்பு. மரியாதையாக, விடாமல். தனக்கு மட்டும் கேட்கிற பிரமை என்றுதான் சேஷன் தேற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சூடாமணி குழம்புக் கரண்டியை நிறுத்திவிட்டு, "வாசல்ல யாரு, ரொம்ப நேரமாக் காத்துண்டிருக்கா போலிருக்கே?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேஷன் இரண்டு கூஜா சுமந்தார். நாகேஸ்வரன் கம்பூன்றி நொண்டிக்கொண்டு கூடவே வந்தார். பாறையடியில் ஆறு இரைந்தது. சேஷன் டம்ளரை வழிய வழிய நிரப்பி, ஒரு கொத்துப் பச்சைத் தழையும் ஒடித்துக்கொண்டு தனியாகப் பின்னால் போனார். ஆறு வருஷத்தில் அவர் போட்ட முதல் தழை அதுதான்.

உட்கார்ந்தார். டம்ளரைக் குவியலுக்கு எதிரே வைத்தார்.

"எங்கே விட்டேன்? யானை கடைக்குள்ள நுழைஞ்சது வரைக்கும் சொன்னேன், இல்லையா?"

சருகுகூட அசையவில்லை.

"இல்லை. பிள்ளைவாள் உச்சி மூட்டையில நிக்கறது வரைக்கும்."

இரண்டு தரம் கனைப்பு.

சேஷன் சம்மணத்தைச் சரிசெய்துகொண்டார். கடைசி மூட்டையைச் சீக்கிரம் உருவி முடித்துவிட்டுத் திரும்புவதாகத்தான் வந்திருந்தார். ஆனால் இவ்வளவு காலம் காத்திருந்தவருக்கு ஒரு யானை போதுமா? இரண்டாவது யானை கூரையைப் பிரித்துக்கொண்டு வந்தது. மூன்றாவது பத்மதீர்த்தக் குளத்தில் குளித்துவிட்டு வந்தது. பாறைக்கு அந்தப் பக்கம் அரைமணி ஆகி, ஒரு மணியும் ஆயிற்று, நாகேஸ்வரன் கூப்பிடவில்லை.

பிள்ளையைப் பத்திரமாக இறக்கிவிட்டு, கதையை முடித்து, சேஷன் எழுந்தார். குவியல் சும்மா கிடந்தது. இரண்டு எட்டு வைத்தவர், நினைத்துக்கொண்டு, டம்ளரை எடுக்கத் திரும்பினார். அது காலியாக இருந்தது. அடியில் நாரத்தை இலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் தன் மீசையைத் தடவிப் பார்த்தார். உலர்ந்திருந்தது.