பல் டாக்டரின் சிறகு

"சனிக்கிழமை ஒரு பாராமோட்டார் செட் பாக்கப் போறேன். செகண்ட் ஹேண்ட்தான். நீயும் வர்றியா?"

கணவன் இப்படிக் கேட்டபோது அவள் ஒரு காரின் பின் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்தவில்லை. நிறுத்தி நிமிர்ந்து பார்த்தால் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவானோ என்று பயம். தையல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "வர்றேனே," என்றாள்.

இரண்டு வருடமாக அவன் அவளிடம் யோசனை கேட்டதே இல்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை பார்த்த ஒருவர், கம்பெனியை விட்டு வெளியே வா, நாம் இருவருமாக ஒரு சர்வீஸ் கடை போடுவோம் என்று கூப்பிட்டார். அவன் மூன்று தடவை இவளிடம் கேட்டான். மூன்று தடவையும் வேண்டாம் என்றாள். கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு நடுத்தெருவில் நின்றால் என்ன செய்வது என்ற பயம். கூப்பிட்டவர் தனியாகவே கடை போட்டார், நன்றாகவே நடத்துகிறார். அதற்காக அவன் ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிச் சண்டையைத் தீர்த்திருக்கலாம். அவன் கேட்பதை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான். சாப்பாடு ஆயிற்றா என்பான், சாவி எங்கே என்பான். மற்றதெல்லாம் அவனே முடிவு செய்துகொண்டான்.

பாராமோட்டார் பழகியதும் அப்படித்தான். முதுகில் ஒரு எஞ்சினையும் விசிறியையும் மாட்டிக்கொண்டு, தலைக்கு மேல் துணிச் சிறகு விரிய, ஓடி ஓடி மேலே எழும்பும் அந்த வித்தையை ஆறு ஞாயிற்றுக்கிழமை 'ஓவர்டைம்' என்று சொல்லிவிட்டுப் போய்க் கற்றுக்கொண்டு வந்தான். கண்டுபிடித்தது அவனுடைய அக்கா, அவளுடைய தையல் கடையில் கூட இருந்து துணி வெட்டுகிற நாத்தனார்.

"ஏம்மா, உன் புருஷன் பேன்ட்டைப் பாரு. முட்டியில பச்சைக் கறை. லிஃப்டுக்குள்ள எங்க புல்லு முளைச்சது?"

விஷயம் வெளியே வந்த அன்று அவள் தொண்டை வரை வந்த 'வேண்டாம்' என்ற வார்த்தையை விழுங்கினாள். இனி அந்த வார்த்தையே தன் வாயில் வரக்கூடாது என்று தீர்மானமும் செய்துகொண்டாள்.

சனிக்கிழமை போனது ஒரு பல் டாக்டர் வீட்டுக்கு. கார் நிறுத்தும் இடத்தில் ஸ்பேனர்கள் அளவு வாரியாக, ஆபரேஷன் தட்டில் அடுக்கியதுபோல் சுவரில் தொங்கின. தரையில் முகம் பார்க்கலாம். டாக்டர் ஒல்லியான, தன்மையான மனிதர். பறக்க நேரமே கிடைப்பதில்லை, அதனால்தான் விற்கிறேன் என்றார்.

அவளுடைய கணவன் எஞ்சினைப் பார்த்ததும் ஆளே மாறிப்போனான். விசிறியின் விளிம்பை விரல் நுனியால் தடவி வெட்டுக்காயம் தேடினான். கூண்டுக் குழாய்களில் பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தான். பெட்ரோல் குழாயை மடக்கி, விறைத்திருக்கிறதா என்று சோதித்தான். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்துத் தலையாட்டினான். கயிற்றை இழுத்து ஓடவிட்டபோது ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேலும் பிடியைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். நிச்சயம் செய்த நாட்களில் அவள் பேசுவதைக்கூட இவ்வளவு கவனமாகக் கேட்டானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"பேரிங் பட்டு மாதிரி இருக்கு," என்றான்.

"துணியைப் பாக்கலியா?" என்றாள் அவள்.

"அறுபது மணி நேரம்தான் பறந்திருக்கு. நோட்டுல எழுதியிருக்காரு பாரு. இந்தத் துணியெல்லாம் முந்நூறு மணி நேரம் தாங்கும்."

டாக்டர் பையைத் திறந்து சிறகை ஒரு ஓரம் எடுத்துக் காட்டினார். ஆரஞ்சு நிறம், அழுக்கு மருந்துக்குக்கூட இல்லை. அதிலிருந்து கிளினிக் வாசனை வந்தது.

"நல்லா பளிச்சுனு இருக்கே," என்றாள்.

"நானே ரெண்டு தடவை கழுவினேன் மேடம். வெந்நீர்ல, கிளினிக்ல வாங்கற லோஷன் போட்டு. அழுக்கோட எதையும் அடுத்தவங்க கையில கொடுக்க எனக்கு மனசு வராது."

கணவன் மறுபடி எஞ்சினை ஓடவிட்டிருந்தான், அந்தச் சத்தத்தில் இது அவள் காதில் மட்டும்தான் விழுந்தது. மேல்பூச்சு உள்ள துணிக்கு வெந்நீரும் மருந்தும் ஆகாது. போன வருடம் ஒரு வாடிக்கையாளர், குழந்தை வண்டியின் மழைக்கூரையை இப்படித்தான் அருமையாகத் துவைத்துவிட்டு, சல்லடையாய் ஒழுகுகிறது என்று அவளிடம் சண்டைக்கு வந்தார். ஆனால் கணவன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடம் கழித்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு வாரம் வச்சிருந்து பாருங்க. பிடிச்சா மத்ததைப் பேசிக்கலாம்," என்று டாக்டர் எல்லாவற்றையும் அவர்கள் வந்த வேனில் ஏற்றிவிட்டார்.

புதன்கிழமை கணவன் வேலைக்குப் போன பிறகு சிறகைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் வெட்டும் மேஜையில் விரித்தாள். மேஜை நிறைந்து தரையெல்லாம் வழிந்தது.

"சர்க்கஸ்காரன் எவனாவது கூடாரத்தை அடகு வச்சுட்டானா?" என்றாள் நாத்தனார்.

பையின் உள் அறையில் ஒரு சின்ன பாக்கெட் இருந்தது. கிழிந்தால் ஒட்டுப் போடுவதற்காக, சிறகோடு சேர்த்துக் கம்பெனி கொடுத்த அதே துணித் துண்டு. பாக்கெட் பிரிக்கப்படவே இல்லை. தண்ணீரும் லோஷனும் படாத துணி. அவள் அதை உதட்டில் இறுக்கி வைத்து ஊதினாள். கன்னம் உப்பியதே தவிர மூச்சு அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு சிறகின் மேல்பக்கத்தை உதட்டில் வைத்து ஊதினாள். பின்னால் பிடித்த உள்ளங்கையில் காற்று சுடச்சுட வந்து மோதியது.

நாத்தனாரும் ஊதிப் பார்த்தாள். "கொசுவலையே தேவலாம் போலிருக்கே! காத்தைப் பிடிச்சு நிறுத்தாத துணி எப்படிம்மா ஆளைத் தூக்கும்?"

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி."

"சொல்லாம? எனக்கு இருக்கறது ஒரே தம்பி."

"ஞாயித்துக்கிழமை, பறக்கக் கத்துக்குடுத்த கோச் வந்து எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் பறக்க விடுவாராம். அவர் கண்ணுல கண்டிப்பாப் படும். வேண்டாம்ங்கறது கோச் வாயால வரட்டும்."

"ஏன், அவர் வாய் தங்கத்துல பண்ணதா? உனக்கு இருக்கறது வாய் இல்லையா?" என்ற நாத்தனார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். "என்னமோ பண்ணு. நீயும் கூடப் போ. ஆளை முழுசாக் கொண்டு வந்து சேத்துடு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்கு வெளியே, கிடங்குகளைத் தாண்டி இருந்த மைதானத்தில் அவர்கள் வேனை நிறுத்தி இறங்கிய பிறகு கோச்சிடமிருந்து போன் வந்தது. காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. முதலில் எஞ்சின் இல்லாமல் சிறகை மட்டும் எழுப்பிப் பார், திருப்தியாக இருந்தால் ஒரு சுற்று போய்விட்டு இறங்கு, உனக்குத் தெரியாததா என்றார்.

அவள் கைப்பையைத் திறந்து, ஒட்டுத் துணி உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

கணவன் சிறகைப் புல்லில் விரித்தான். நூல்களைச் சிக்கெடுத்து இரண்டு பக்கமும் பிரித்து வைத்தான். இழுத்துக்கொண்டு ஓடினான். சிறகு பாதி எழுந்து, அலுத்துக்கொண்டதுபோல் பின்னாலேயே தொங்கி, விழுந்தது. இரண்டாம் தடவையும் அதே கதைதான். மூன்றாம் தடவை மூச்சு வாங்க, தலைதெறிக்க ஓடினான். ஒருவழியாகத் தலைக்கு மேலே வந்து நின்றது.

"பாத்தியா! பழகிக்கணும், அவ்வளவுதான். எஞ்சின் தள்ளுச்சுன்னா தானா ஏறிடும்," என்று வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான். எஞ்சினை முதுகில் ஏற்றினான். தொடைப் பட்டியின் கொக்கியை மாட்டக் குனிந்தான்.

அவள் அவன் எதிரே போய் நின்றாள்.

"வேண்டாங்க."

அவன் குனிந்தபடியே அசையாமல் இருந்தான். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வந்துருச்சு."

"நான் சொல்றதைக் கேக்க வேண்டாம். இதை ஊதிப் பாருங்க." கைப்பையிலிருந்து ஒட்டுத் துணியை எடுத்து நீட்டினாள்.

"என்னம்மா இது, பலூன் விளையாட்டா?"

"ஊதுங்க."

ஊதினான். கன்னம் உப்பி முகம் சிவந்தது. ஒன்றும் வெளியே போகவில்லை. அவள் புல்லில் கிடந்த சிறகின் ஓரத்தைத் தூக்கி, அவன் உதட்டில் வைத்து, பின்னால் தன் கையைக் கொடுத்தாள். அவன் ஊதினான். அவன் மூச்சு துணியைத் தாண்டி வந்து அவள் உள்ளங்கையில் பட்டது. அவளுடைய கையை விலக்கித் தன் கையை வைத்து இன்னொரு தடவை ஊதினான். இன்னொரு இடத்திலும் ஊதினான். பிறகு முதுகில் எஞ்சினோடு அப்படியே புல்லில் உட்கார்ந்தான்.

"டாக்டர் வெந்நீர்ல, லோஷன் போட்டுக் கழுவியிருக்காரு. பூச்சு போயிருச்சு," என்றாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கிழமை."

"புதன்கிழமையா!" என்றான். இப்போதுதான் அவன் குரல் உயர்ந்தது. "நாலு நாளா மனசுல வச்சுக்கிட்டா இருந்த? நான் ஓடிப் பாத்தேன், எஞ்சினைத் தூக்கினேன், பெல்ட் மாட்டப் போறேன். அது வரைக்கும் பாத்துக்கிட்டு நிக்கறியே! நான் மேல போயிருந்தா?"

"கோச் சொல்லிடுவாருன்னு நினைச்சேன்."

"கோச்சா என் பொண்டாட்டி?"

"நான் வேண்டாம்னு சொன்னா நீங்க மறுபடியும் என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டீங்க!" என்று அவளும் கத்தினாள். "ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் வர்றியானு கேட்டீங்க. அதைக் கெடுத்துக்க எனக்குத் தைரியம் இல்ல."

அவன் பட்டிகளைத் தளர்த்தி எஞ்சினிலிருந்து தோளை உருவிக்கொண்டான். கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கினான்.

"அன்னைக்கு கடை வேண்டாம்னு நீ சொன்னது தப்பு," என்றான் கடைசியில்.

"தப்புதான்."

"நாலு வேன் வச்சிருக்கான் அவன்."

"அஞ்சு. போன வாரம் ஒண்ணு வாங்கியிருக்காரு."

அவன் திரும்பிப் பார்த்தான். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தான், முடியவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு பயத்துல சொன்னேன். இன்னைக்கு துணியைத் தெரிஞ்சு சொல்றேன். ரெண்டுக்கும் எனக்கு வாயில ஒரே வார்த்தைதான் வருது, நான் என்ன பண்ண?"

"வர்றப்ப சொல்லு. புதன்கிழமைன்னா புதன்கிழமையே சொல்லு. நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா வச்சுக்கிட்டுப் போறேன். நாலு நாள்ல சரியாயிடும்."

"போன தடவை ரெண்டு வருஷம் ஆச்சே."

"சரி, என் தப்பும்தான்," என்றான் அவன், புல்லைப் பார்த்துக்கொண்டே.

மத்தியானமே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பல் டாக்டர் வீட்டுக்குப் போனார்கள். அவரும் ஊதிப் பார்த்தார். ஒட்டுத் துணியை ஒரு தடவை, சிறகை மூன்று தடவை. பிறகு அங்கிருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"உங்களை ஏமாத்தணும்னு..."

"சேச்சே, அதெல்லாம் இல்ல டாக்டர்," என்றான் கணவன்.

"நேரமில்லன்னு உங்ககிட்ட சொன்னது பொய்," என்றார் டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு. "மூணு மாசம் முந்தி முதல் தடவை கழுவினேன். அப்புறம் விங் எழவே மாட்டேங்குது. நாய் துரத்தற மாதிரி ஓடறேன், விழறேன். எல்லாரும் பாத்தாங்க. வயசு அம்பத்தெட்டு, காலு போச்சு, இனி நமக்கு ஆகாதுன்னு முடிவு பண்ணிட்டேன். விக்கறதுக்காக இன்னொரு தடவை கழுவினேன்." சட்டென்று நிமிர்ந்தார். "அப்ப என் காலுக்கு ஒண்ணும் இல்லையா?"

"காலுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். லோஷனுக்குத்தான் வேகம் ஜாஸ்தி," என்றாள் அவள்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கும்போது அவர் கண் வேனுக்குள் இருந்த எஞ்சின் மேல் போய் நின்றது. வாயால் எதுவும் கேட்கவில்லை. பண்புள்ள மனிதர். "எஞ்சினை நீங்க எடுத்துக்கலாம், வார்த்தை வார்த்தைதான்," என்றார். ஆனால் கண் அங்கேயேதான் இருந்தது.

அதை அவளும் பார்த்தாள், கணவனும் பார்த்தான். அவள் அவன் முழங்கையை இடித்தாள். "ஏங்க, நல்ல எஞ்சின்ங்க. பட்டு மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க? எடுத்துக்குவோம்."

அவன் வேனுக்குள் ஏறி எஞ்சினின் கூண்டை ஒரு தடவை தடவினான். பிறகு இறக்கி, டாக்டரின் பளபளக்கும் தரையில் வைத்தான். "ஒரு புது விங் வாங்குங்க டாக்டர். இதை நீங்களே வச்சுக்கங்க. அடுத்த மாசம் மைதானத்துல பாப்போம்."

திரும்பும் வழியில் காலி வேன் தடதடத்தது. அவளுக்குத் தன் ஒரு வார்த்தையால் சிறகோடு எஞ்சினும் போயிற்றே என்றிருந்தது. அவன் கடைத்தெரு தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். போனை எடுத்து எதையோ தேடி, அவள் மடியில் வைத்தான்.

"மூணு செட் விக்க வந்திருக்கு. பாத்துச் சொல்லு."

அவள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "முதல் ஆள் வேண்டாம்."

"ஏன்?"

"மொட்டை மாடியில வெயில்ல பரத்திப் போட்டுப் படம் எடுத்திருக்கான். பாருங்க, மேல் பக்கம் வெளுத்துப் போய் ரோஸ் கலர்ல இருக்கு. அடிப் பக்கம் சிவப்பு."

"ரெண்டாவது?"

"எஞ்சினை மட்டும்தான் எட்டுப் படம் போட்டிருக்காங்க. அது உங்களை மாதிரி ஆளுங்களைப் பிடிக்கறதுக்கு."

அவன் உறுமினான், ஆனால் போனைப் பிடுங்கவில்லை. அவள் மூன்றாவதைப் படித்தாள். மெதுவாக, இரண்டு தடவை படித்தாள். அவன் ஸ்டியரிங்கில் விரலால் தட்டியபடி காத்திருந்தான்.

"இதை நேர்ல போய்ப் பாக்கலாம்," என்றாள்.

"இப்பவே போலாமா?"

"போலாம்."

அவன் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, வேனைத் திருப்பினான்.