அந்தோணியார் மணி கட்டிய பன்றி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல, எதிர்வீட்டு ஹெய்லாவுடையது. கெண்ட் நகரத்தில் எங்கள் தெருவில் பீர் காய்ச்சி விற்கும் கைம்பெண். அவள் குரலுக்கு அடுத்தபடியாகத்தான் கோயில் மணி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தெருக்களில் பன்றிகளைத் திரியவிடக் கூடாதென்று நகரசபை, குடிமக்களின் நல்வாழ்வைக் கருதி...’ வேண்டாம். படித்தால் பன்றியே தூங்கிவிடும்.

ஹெய்லாவிடம் ஒரு பன்றி இருந்தது. அடைத்து வைக்க இடமில்லை. கொல்லை முழுக்கப் பீப்பாய். இது போதும்.

2

வெளியே திரியும் பன்றியைக் காவலர் பிடித்துக்கொண்டு போய்விடுவார். வனத்து அந்தோணியார் மடத்துப் பன்றிகளுக்கு மட்டும் விலக்கு. அடையாளமாகக் கழுத்தில் மணி இருக்கும். ஹெய்லா தன் பன்றிக்கும் ஒரு மணி கட்டினாள். [மணி ஏது என்று கேட்டேன். ‘கீழ கெடந்துச்சு’ என்றாள். நம்புவது உங்கள் பாடு.]

பிறகு நடந்ததை அவளே எதிர்பார்க்கவில்லை. புனிதரின் பன்றியென்று தெருவே அதற்குத் தீனி போட்டது. பக்கத்துக் கடை ரொட்டிக்காரர் வவுட்டர், மனைவியை இழந்தவர், முன்பு அதே பன்றியைத் துடைப்பத்தால் விரட்டியவர், தினமும் சூடாக ஒரு ரொட்டி வைத்தார். (இவ்வளவு ஏமாளியா இவர்? பாத்திரம் சரியாக வரவில்லையோ என்று சந்தேகப்பட்டேன்.)

3

பன்றி அறுக்கும் காலம் வந்தது. மடத்துத் துறவி கிலிஸ் மணி கட்டிய பன்றிகளை ஓட்டிப்போக வந்து, இதையும் கோலால் தட்டினார். ஹெய்லாவின் குளிர்கால இறைச்சி அவள் கண்ணெதிரே நடந்து போயிற்று. தன்னை மறந்து நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டாள். பன்றி திரும்பி ஓடிவந்து அவள் பாவாடையில் மூக்கைத் தேய்த்தது. தெருவே பார்த்தது.

[அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. முகம் வெளிறியது, அவ்வளவுதான்.]

கிலிஸ் குனிந்து மணியை அவிழ்த்தார். “மணி எங்களுது தாயி. பன்னி உன்னோடது, வச்சுக்க.”

நல்ல மனசுதான். ஆனால் மணியில்லாத பன்றி இப்போது நடுத்தெருவில் நின்றது. தெருமுனையில் காவலர் வந்துகொண்டிருந்தார்.

வவுட்டர் கடைக்கதவைத் திறந்தார். “உள்ள தள்ளு.”

“உங்க மாவெல்லாம் தின்னுடுமே.”

“தின்னுட்டுப் போவுது. யாரோட பன்னின்னு தெரியாமயா இத்தன நாளா ரொட்டி போட்டேன்?”

காவலர் வந்து பன்றி எங்கே என்று கேட்டார். கடைக்குள்ளிருந்து ஓர் உறுமல். துறவி அவசரமாக இருமினார். பிறகு தெருவே இருமியது. ஏதோ தொற்றுநோய் என்று பயந்து காவலர் மூக்கைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டினார்.

4

பன்றியைத் தெருவே பகிர்ந்து தின்றது. கதை இங்கேயே முடியலாம். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் முடிவு வேறு. நானும் அதைத்தான் எழுதினேன்: ‘வசந்தத்தில் கோயில் வாசலில் ஹெய்லாவும் வவுட்டரும் கைகோத்து...’

அந்த நேரம் பார்த்து ஹெய்லா மாடியேறி வந்து வாசிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டுக் காது சிவக்க நின்றாள்.

“அவரு இன்னும் ஒரு வார்த்த கேக்கல. நானே எழுதச் சொன்னதா நெனச்சுக்குவாரு. அடிச்சிடுங்க.”

பேனாவை எடுத்தேன்.

“ரொம்ப அடிக்காதீங்க. படிக்கிற மாதிரி லேசா.”

லேசாகத்தான் அடித்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், வவுட்டருக்கு எழுத்து தெரியாது. ரொட்டி வாங்கப் போகிறவர்கள் யாராவது அவருக்கு வாசித்துக் காட்டிவிடுங்கள்.