சடையப்பன், த/பெ. பாவாடை

"சடையப்பன், தகப்பனார் பெயர் பாவாடை, வயசு அம்பத்திரண்டு." ஏட்டு தனகோடி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். மனைவி தமிழ்நிலாவை அடித்துவிட்டு நிற்காமல் போன உப்பு லாரியின் ஓட்டுநர் பெயர். ஐந்து நாளாகத் திருமுருகனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கேட்டுவிட்டான். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"ஆளை அடிச்சவன் பேரு, ஊரு, லைசென்ஸ் எல்லாத்தையும் போலீஸ்ல சொல்லணும். இருபத்திநாலு மணி நேரம் டைமு. இவரு மறுநாளே வந்துட்டாரு. படிச்ச பையன், ஒனக்குத் தெரியாததா?"

"நான் பாத்தவரு கண்ணாடி போட்டிருந்தாரு சார். சின்ன வயசு."

"பொண்டாட்டி கீழ கெடக்கறப்ப கண்ணாடியையா பாத்துக்கினு இருந்த?" ஏட்டு உள்பக்கம் திரும்பினார். "யோவ் சடையப்பா, கையெழுத்து போட்டாச்சுன்னா இங்க வா."

வந்தவரின் முகத்தை அவன் பார்க்கவில்லை. கால்களைத்தான் பார்த்தான். கணுக்கால் வரை உப்புநீர் தின்று வெளுத்து, குதிகாலில் பாளம் பாளமாக வெடித்த கால்கள். அவை அவனுக்குத் தெரிந்த கால்கள்.

அன்று காலை பைக்கோடு இருவரும் விழுந்து கிடந்தபோது சாலையில் ஈ காக்கை இல்லை. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவர் பலகையைப் போட்டுவிட்டு வரப்பு வரப்பாக ஓடி வந்தார். தோளில் கிடந்த துண்டைத் தமிழ்நிலாவின் தலையில் சுற்றிக் கட்டினார். குறுக்கே நின்று ஒரு வேனை மறித்தார். ஆஸ்பத்திரி வரை அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "கண்ண மூடாதம்மா, தோ வந்துடிச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வாசலில் திருமுருகன் அவர் பெயரைக் கேட்டான். "பேரா இப்ப முக்கியம்? உள்ள ஓடுப்பா" என்று முதுகில் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

"நீங்களா ஓட்டுனீங்க?" என்றான் இப்போது.

"நான்தான் தம்பி." தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அப்ப மடியில வெச்சிக்கினு வந்தது யாரு?"

ஏட்டு சிரித்தார். "அதிர்ச்சியில பொலம்பறான். இவரு முன்னாடி மொதலாளிகிட்ட லாரி ஓட்டுனவருதான்பா. லைசென்ஸ் இருக்குது. வேற என்ன வேணும்?"

உப்பள முதலாளியின் மகன் கண்ணாடி போடுகிறவன். லைசென்ஸ் எடுக்காமலே லாரி எடுக்கிறவன். அனுமந்தையில் இது எல்லோருக்கும் தெரியும். திருமுருகனுக்கும் தெரியும், இந்த நிமிடம்தான் அது வந்து இடத்தில் உட்கார்ந்தது.

ஏட்டு போன் பேசத் திரும்பியதும் சடையப்பன் குரல் இறங்கியது. "எனக்கும் எம் பொண்டாட்டி அம்சவள்ளிக்கும் அவங்க பாத்தியிலதான் வேலை. அவங்க உட்ட எடத்துலதான் குடிசை. நீ ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா நாளைக்கே வெளிய. அந்தப் பொண்ணு எப்படியும் திரும்பி வரப்போறதில்ல தம்பி." சொன்ன பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தைகள் அவருக்கே உறைத்தன போலிருக்கிறது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஏட்டு காகிதத்தை நகர்த்தினார். நான் பார்த்த ஓட்டுநர் இவரே என்று எழுதியிருந்தது. கீழே அவன் பெயருக்கு இடம் விட்டிருந்தது.

திருமுருகன் பேனாவை எடுக்கவில்லை. மஞ்சள் பையைத் திறந்தான். ஐந்து நாளாகப் போகும் இடமெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்த துண்டு. மூன்று தண்ணீரில் அலசியும் போகாத பழுப்புக் கறை உள்ளே போகும்படி நான்காக மடித்திருந்தான்.

"பேரு தெரியாததால குடுக்க முடியல," என்றான். "உங்க துண்டு."

"என்னய்யா அது?" என்றார் ஏட்டு.

சடையப்பனின் கை தானாக நீண்டது. பாதியில் நின்றது. மின்விசிறிக் காற்றில் துண்டின் ஓரம் அவர் விரலைத் தொட்டுத் தொட்டு விலகியது.