உட்கார்ந்திருப்பவனைக் கூப்பிடக் கூடாது

மலக்கி வேலிக் கதவைத் திறந்தான். சாத்தாமலே முன்னால் நடந்தான். நூலாதான் திரும்பிப் போய்ச் சாத்தினாள். பிறந்ததிலிருந்து மாட்டோடு வளர்ந்தவன் வேலிக் கதவைச் சாத்த மறந்தால் அவனுக்குப் புத்தி நிலையில் இல்லை என்று அர்த்தம். செத்துப்போனது அவள் கணவன். தடுமாறி நடந்தது மலக்கி.

தக்காளி நாற்று நடும்போது போட்டிருந்த ரப்பர் செருப்போடு அப்படியே காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள் நூலா. ஒன்றரை மணி நேர வழி. நகக்கண்ணில் இன்னும் மண் இருந்தது.

"டாக்டர் வந்தாரா?"

"வந்து பாத்துட்டுப் போயிட்டார். இதயம்தானாம். வலி தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னார். போலீஸ்காரரும் எழுதிக்கிட்டுப் போயிட்டார். வண்டி வரணும்."

"வலி தெரியலைன்னு எல்லா விதவைகிட்டயும்தான் சொல்வாங்க. எத்தன மணிக்குப் போனான்?"

மலக்கி அடுத்த வேலிக் கதவுக்குப் போனான்.

முப்பத்தோரு வருஷம். மே மாதம் வந்து, ஆற்றில் மேஃப்ளை என்கிற ஈசல் மாதிரிப் பூச்சி கிளம்புகிறது என்று சேதி வந்தால் போதும், அவள் கணவன் வாத்தியார் ஃபின்டன், தபால்காரன் டெக்லன், மாட்டுக்கார மலக்கி மூன்று பேரையும் கட்டிப்போட முடியாது. வெள்ளிக்கிழமை கிளம்பினால் ஞாயிறு சாயங்காலம்தான் வீடு. இறகையும் முயல் முடியையும் கொக்கியில் சுற்றிப் பொய்ப் பூச்சி செய்து, அதை வைத்து மீனை ஏமாற்றுவார்கள். "ஒரு புழுவக் கோத்துப் போட்டா ஆச்சு. ஒரு மீன ஏமாத்த மூணு ஆம்பளையா?" என்பாள் நூலா. "ஒரு தடவ வந்து பாரேன்" என்பான் ஃபின்டன். வருஷா வருஷம் கேட்டான். வருஷா வருஷம் அவளுக்கு வேறு வேலை இருந்தது.

"மலக்கி, நில்லு. எத்தன மணிக்கு?"

அவன் நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் திருகினான்.

"மூணரைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. ஒன்றரைக்கே போயிருப்பான்னு டாக்டர் சொல்றார்."

"ரெண்டு மணி நேரம் நீங்க எங்க போனீங்க?"

"இங்கதான் இருந்தோம். ரெண்டு தடவ அவனத் தாண்டிப் போனோம் நூலா. டீ ஊத்திப் பக்கத்துல வெச்சதே நான்தான்."

"கூப்பிடலையா?"

"உக்காந்திருந்தான்." எல்லாவற்றுக்கும் அதுவே பதில் என்பது போலச் சொன்னான்.

அது அவர்களுடைய சட்டம். முதல் வருஷம் மலக்கி ஒரு மீனைக் கண்டு கத்திக்கொண்டு ஓட, அன்றைக்கு முழுக்க ஆற்றில் ஒரு மீன் தலை காட்டவில்லை. அன்று ஃபின்டன் போட்ட சட்டம்: தூண்டிலைத் தொடுவதற்கு முன்னால் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்திருப்பவனைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டவன் அன்றைக்கு எல்லாருடைய தட்டையும் கழுவ வேண்டும். மூன்று கிழவர்களும் அதை ஜெபம் போலக் காத்தார்கள்.

"தட்டு கழுவப் பயந்துகிட்டா என் புருஷன் பேரச் சொல்லிக் கூப்பிடல? கூப்பிட்டிருந்தா பொழச்சிருப்பானா இல்லையா, அதச் சொல்லு."

"டாக்டர் இல்லங்கிறார்." அவன் தொப்பியைப் பார்த்துக்கொண்டான். "எனக்குத் தெரியல நூலா."

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்தால் அழுதுவிடுவாள். "இங்கயே இரு" என்று சொல்லிவிட்டுத் தனியாக இறங்கிப் போனாள்.

கரை மரத்தடியில் ஃபின்டனைப் படுக்கவைத்துத் தன் கோட்டைப் போர்த்தியிருந்தான் டெக்லன். நூலாவைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்தான். பிறகு விலகிப் போனான். அவள் ஃபின்டனின் நெற்றியைத் தொட்டாள். ஆற்றுக் கல்லின் குளிர்ச்சி. மரத்தோரம் அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் புல் இன்னும் அமுங்கியே இருந்தது. அங்கே சாய்த்து வைத்திருந்த தூண்டிலின் நுனியில் பொய்ப் பூச்சிகூடக் கட்டவில்லை. பக்கத்தில் மலக்கி வைத்த டீ ஆடை படிந்து கிடந்தது. அவள் அதை ஆற்றில் ஊற்றினாள். ஒரு நிமிஷம் இருப்போம் என்று அந்த அமுங்கிய புல்லில், அதே மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெறும் தண்ணீர், சாயங்கால வெயில். பிறகு தண்ணீரின் மேல்தோல் ஓரிடத்தில் கிழிந்தது. அதிலிருந்து ஒரு பூச்சி வெளியே வந்து, ஈரச் சிறகை நிமிர்த்தி, தன் பழைய கூட்டின் மேலேயே மிதந்து வந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. ரெண்டு வருஷம் சேற்றில் கிடந்துவிட்டு, வாய்கூட இல்லாமல், ஒரு நாள் வாழ மேலே வரும் என்று ஃபின்டன் சொல்லியிருக்கிறான். சொன்னால் புரிகிற விஷயமா அது! எதிர்க்கரைப் புதர்மேல் நேற்றுப் பிறந்தவை ஆயிரக்கணக்கில் ஏறி ஏறி இறங்கின. இறங்கியவை முட்டையிட்டுச் சிறகை விரித்துத் தண்ணீரோடு போயின. கீழே ட்ரௌட் மீன்கள் மூக்கை நீட்டி நீட்டி வாங்கிக்கொண்டன. ஆறு முழுக்க உலை கொதிப்பது போல வட்டங்கள். இவ்வளவும் நடக்க, சத்தமே இல்லை.

"அம்மாடி" என்றாள், வாய்விட்டு.

ஒவ்வொரு ஞாயிறும் வீடு திரும்பி, முள்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பான் அவன். "என்ன பாத்த?" என்றால், "அது வந்து..." என்று ஆரம்பித்து நிறுத்திவிடுவான். வாத்தியாருக்கே வார்த்தை வரவில்லை பார் என்று சிரித்திருக்கிறாள். ஒரு பூச்சி அவள் மண் படிந்த விரலில் வந்து உட்கார்ந்தது. ஃபின்டனின் மேலிருந்த கோட்டில் நாற்பது ஐம்பது உட்கார்ந்திருந்தன. எதையும் அவள் விரட்டவில்லை.

கழுத்து வலித்தபோதுதான் திரும்பினாள். வெயில் மரத்தைத் தாண்டிப் போயிருந்தது. கைக்கடிகாரம் ஏழேகால் காட்டியது. வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மேலே வேலிக் கதவு சாத்தியிருந்தது. அதற்கு அப்பால் கறுப்பு வண்டி நின்றது. வண்டிக்காரர்கள் இரண்டு பேரும் டெக்லனும் மலக்கியும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எப்போது வந்தார்களோ. மலக்கி அவளைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் முழங்கால் அருகே புல்லில் ஒரு கோப்பை நிறைய டீ இருந்தது. யார் வந்து வைத்தார்கள், எப்போது வைத்தார்கள், தெரியாது. தொட்டுப் பார்த்தாள். ஆறிப்போயிருந்தது. உள்ளே ஒரு பூச்சி சிறகை விரித்து மிதந்தது.

அதை விரலால் எடுத்துப் புல்லில் விட்டாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் குடித்தாள். குடித்து முடிக்கும்வரை யாரும் அவளைக் கூப்பிடவில்லை.