எண்பத்து நாலாவது ஒப்பாரி

குற்றாலீஸ்வரன் ராயகிரிக்கு ஒப்பாரி பதிவு செய்யப் போன அன்றைக்கு, பாட்டு அவன் ரெக்கார்டரில் விழவில்லை. தென்காசியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி நிர்மலாதேவியின் தொண்டையிலிருந்து வந்தது. 2015 தை மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. அங்கே சங்கரம்மாள் என்ற அறுபது வயதுக்காரி வாயைத் திறக்க, இங்கே அதே கரகரத்த குரலில் நிர்மலா செத்துப்போன ஒரு புருஷனைக் கூப்பிட்டு அழுதாள். தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டு வல்லிநாயகம் அண்ணாச்சி பந்தல்காரனுக்குப் போன் போட்டுவிட்டார். மூணு மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்த குற்றாலீஸ்வரனைப் பார்த்து, மூலைவீட்டு ஆச்சி, "ஏலே, நீ போயிட்டேன்னுல்லா இம்புட்டு நேரம் அழுதேன், வந்து நிக்கியே!" என்று கோபித்துக்கொண்டாள்.

ரெக்கார்டரைப் போட்டுக் கேட்டால் அவன் குரல்தான் இருந்தது. "பேரு? வயசு? எந்த ஊரு?" அதற்குப் பிறகு நாற்பது நிமிஷம் மின்விசிறிச் சத்தம், நடுவில் அவன் இருமல். இலத்தூருக்குப் போனான், திருவேங்கடத்துக்குப் போனான், மூன்று ரெக்கார்டர் மாற்றினான். எல்லாம் அதே கதை. தெருவும் பழகிக்கொண்டது. அவன் பையைத் தூக்கினால் வல்லிநாயகம் அண்ணாச்சி, "இன்னைக்கு எத்தனை மணிக்கு அழுகை? மத்தியானம் கொஞ்சம் கண்ணசரலாமா?" என்று கேட்டு வைத்துக்கொள்வார்.

ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்த அவனுக்கு ஒரே ஆசை. டாக்டர் குற்றாலீஸ்வரன் ஆக வேண்டும். தென்காசி வட்டார ஒப்பாரியில் ராகக் கூறுகள் என்று 2013-லேயே தலைப்பைப் பதிவு செய்து பகுதிநேரமாகப் பிஎச்.டி. படித்தான். நிர்மலாவும் அவனும் ஒரே இசைக் கல்லூரியில் படித்தவர்கள்தான். அவள் முதல் மதிப்பெண், அவன் இரண்டாவது. அதை மறந்தே போயிட்டேன் என்பான். மறப்பானாக்கும்! தொண்டையில் வந்த பாட்டையெல்லாம் அவள் ஸ்வரம் போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். "இந்தாங்க, நீங்க போய்ச் சேத்த பாட்டுதானே" என்று நீட்டினாள். "ஒன் நோட்டப் பாத்து எழுதித்தான் நான் டாக்டர் ஆகணுமாட்டி?" என்று தள்ளிவிட்டான். அந்த ஒரு சொல்தான் அவனைக் கெடுத்தது.

நோட்டு அடுக்களையில் கிடந்ததைப் பார்த்தவர் அவனுடைய நெறியாளர் பேராசிரியர் சுகிர்தம். காப்பி குடிக்க வந்தவர் காப்பியை மறந்துவிட்டுப் படித்தார். அடுத்த மாதமே நிர்மலாவின் பெயரில் ஒரு பதிவு விண்ணப்பம் போயிற்று. அது 2019. ஆய்வுக்குழு இரண்டு அமர்வு பேசி, களப்பணிக் கருவி என்ற இடத்தில் "ஆய்வாளரின் தொண்டை" என்று எழுதிக்கொள்ள அனுமதித்தது.

அன்றிலிருந்து குற்றாலீஸ்வரனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் கட்டுரை ஏற்கப்பட்டது என்று வந்த தபாலைப் பத்து நாள் பீரோவுக்கு மேலே ஒளித்து வைத்தான். உப்பு சரியாக இருந்த குழம்பில் உப்பில்லை என்றான். தான் ஊருக்குப் போனால்தானே அவளுக்குப் பாட்டு வரும் என்று ஒரு வருஷம் எங்கேயும் போகவில்லை. மூக்கை அறுத்துக்கொண்டு சகுனத் தடை பண்ணின கதைதான். அவளிடம் ஏற்கெனவே எண்பத்து மூன்று பாட்டு இருந்தது. அவனிடம் இருமல்தான் இருந்தது.

2022 ஆடியில், காலக்கெடு முடிந்ததால் உங்கள் பதிவு ரத்து என்று அவனுக்குக் கடிதம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் ஐந்தருவிக்குப் போனான். சாரல் காலம், நல்ல தண்ணீர். ஆம்பளைக் கூட்டத்துக்குள் புகுந்து அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்து, பெருங்குரலெடுத்து அழுதான். அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது நிர்மலா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "தலையத் தொவட்டுங்க, சளி பிடிக்கும்" என்றாள். பக்கத்தில் நோட்டு திறந்து கிடந்தது.

மறுவருஷம் ஆவணியில் அவளுக்கு வாய்மொழித் தேர்வு, குற்றாலத்தில் ஒரு கல்லூரி அரங்கில். பொதுத் தேர்வு என்பதால் கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்கலாம். வம்பு வராமல் இருக்க, கேள்வியை முன்னாலேயே துண்டுச்சீட்டில் எழுதிச் சொந்தக்காரர்களிடம் கொடுத்துவிடுவது வழக்கம். குற்றாலீஸ்வரனுக்கு வந்த சீட்டில், "ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் உள்ள ஒற்றுமை என்ன?" என்று இருந்தது. அவன் அதைச் சட்டைப்பையில் மடித்துப் போட்டான். ஆய்வேட்டில் பாட்டைப் படிக்க அவனுக்கு மனசு வரவில்லை. குற்றம் கண்டுபிடிக்கப் பின்னிணைப்பை மட்டும் பார்த்திருந்தான். அதில் ஓர் ஓட்டை இருந்தது.

"எண்பத்து நாலாம் பாட்டுக்குத் தகவலாளர் பேரே இல்லை. ஆள் இல்லாத பாட்டு ஆய்வுல எப்படிச் செல்லும்?" என்றான். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் பக்கத்தைப் புரட்டி, "நியாயமான கேள்வி. பேர் சொல்லுங்க. இல்லன்னா திருத்திக்கிட்டு ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

நிர்மலா அவனைப் பார்க்காமல் சொன்னாள்: "அந்தப் பாட்டு எங்கிட்ட வந்ததே அவங்களுக்குத் தெரியாது மேடம். கேக்காம எப்படிப் பேரு போடுவேன்?"

"சரி, பாடிக் காட்டுங்க."

அவள் வாயைத் திறந்தாள். வந்தது குற்றாலீஸ்வரன் குரல்.

"ஒம்பது வருசம் வளத்தேனே
ஒத்தைப் பூ பூக்கலையே
ஊரு கூடி டாக்டருன்னு
அவளக் கூப்பிடப் போகுதே
உசுரோட நான் இருந்து
கேக்கவா பொறந்தேன்"

அத்தனை பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். "குரல் தெரிஞ்சா போதாது, ஆள் ஒத்துக்கிடணும்" என்றார் தேர்வாளர். குற்றாலீஸ்வரன் நினைத்துப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் அவளுக்கு ஆறு மாசம் தள்ளும். ஆறு மாசம்! உண்மையைச் சொன்னால், அந்த நினைப்பு அவனுக்கு இனித்தது. ஆனால் ஒரு சுரம்கூட விட்டுப்போகாமல் அவள் அதை எழுதி வைத்திருந்தாள். அருவி இரைச்சலில் அமுங்கிப்போன அவன் அழுகையை அவ்வளவு கவனமாகக் கேட்ட ஆள் வேறு யாரும் இல்லை. எழுந்தான்.

"பேரு குற்றாலீஸ்வரன். வயசு நாப்பத்தாறு. ஊரு தென்காசி."

"எதுக்காகப் பாடினது?"

"பொறாமையில" என்றான். சுகிர்தம் அதையும் எழுதிக்கொண்டார். நிர்மலாதேவிக்கு முனைவர் பட்டம் பரிந்துரைக்கப்பட்டது, எல்லோருக்கும் ஆளுக்கொரு பாதுஷாவும் மிக்சரும் கொடுத்தார்கள்.

பொறாமை போயிற்றா என்றால், எங்கே போகும்? அவள் பேருக்கு முன்னால் முனைவர் என்று அச்சடித்த கல்யாணப் பத்திரிகை வீட்டுக்கு வந்தால் குற்றாலீஸ்வரன் இப்போதும் உர்ரென்று பேப்பர் படிப்பான். வாயைத் திறக்க மாட்டான். திறக்கவும் வேண்டாம், அடுக்களையில் அவள் தொண்டை அவன் குரலில் ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிடும். "கேட்டேன், கேட்டேன்" என்று சொல்லிக்கொண்டே நிர்மலா இரண்டு தம்ளரில் காப்பியை ஆற்றுவாள்.