அம்மா வைத்த பால்

கல்யாணம் முடிந்ததும், யூத வழக்கப்படி என்னையும் இலியாவையும் பேர்லின் மண்டபத்தின் ஓர் அறைக்குள் தனியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். வெளியே இரண்டு சாட்சிகள் காவல். காலையிலிருந்து இருவருமே விரதம். இலியா என்னைப் பார்க்கவில்லை, மேசையிலிருந்த கோழி சூப்பைத்தான் பார்த்தான்.

பக்கத்தில் அம்மாவின் பிளாஸ்க், இரண்டு வாழைப்பழம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறைச்சியோடு பால் ஆகாது என்று, மதம் மாறிய நாளிலிருந்து நூறு தடவை சொல்லியிருப்பேன். அவர் கேட்டால்தானே.

பிளாஸ்க்கில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது.

"தேங்காய்ப்பால், கவிசா. இங்கத்தைய குசினியிலதான், யூதச் சாப்பாட்டு முறை பாக்கிற ஆக்களின்ர கண்ணுக்கு முன்னால பிழிஞ்சனான். ரெண்டு பேரும் குடியுங்கோ."

இலியா சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தான். ஒரே மூடியில் மாறிமாறிக் குடித்தோம்.

சாட்சிகள் கதவைத் தட்டினார்கள். பிளாஸ்க்கில் இன்னும் பாதி இருந்தது. நாங்கள் திறக்கவில்லை.